சக்கரத்தில் முதல் கிண்ணம்: மண்ணை நடுவில் நிறுத்துவது எப்படி

ஆறு வாரம் என் மண் நடுவில் நிற்கவே இல்லை. பக்கத்துச் சக்கரங்களில் கிண்ணமும் குவளையுமாக எழும்பிக்கொண்டிருக்கும். என் சக்கரத்தில் உருண்டை மட்டும் தள்ளாடிக்கொண்டே இருக்கும். ஏழாவது வாரம்தான் விஷயம் பிடிபட்டது.

நான் கற்றுக்கொண்டது பலர் சேர்ந்து பயன்படுத்தும் ஒரு பொது மட்பாண்டக் கூடத்தில். மூன்று ஆசிரியர்கள் மாறி மாறி வருவார்கள். மூவரும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஆரம்பத்தில் அது குழப்பமாக இருந்தது. மூன்றையும் ஒன்றாகச் செய்து பார்த்த அன்றுதான் மண் அசையாமல் நின்றது. முதல்முறை சக்கரத்தின் முன் உட்காரப் போகிறவர்களுக்காக அதை வரிசையாக எழுதிவைக்கிறேன். மண், சக்கரம், சூளை மூன்றும் கூடத்திலேயே இருக்கும் என்ற கணக்கில் எழுதுகிறேன்.

உட்காருவதற்கு முன்

நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பழைய துண்டு ஒன்றை மடியில் போட்டுக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேருகிறவர்கள் பெரிய கருவிப் பெட்டியாக வாங்கிவிடுகிறார்கள். அவசியம் இல்லை. முதல் மூன்று மாதத்துக்கு ஒரு சின்ன ஸ்பாஞ்சு, அறுக்கும் கம்பி, ஊசி, மரத்தகடு இந்த நான்கும் போதும். உலோகத் தகட்டைவிட மரத்தகடுதான் எனக்குப் பிடிக்கும். கொஞ்சம் அழுத்திவிட்டாலும் மரம் மண்ணைக் கிழிக்காது. ஸ்பாஞ்சு உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில் இருக்கட்டும். பெரிய ஸ்பாஞ்சு நிறையத் தண்ணீரைக் குடித்துவைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கிண்ணத்துக்குள்ளேயே கொட்டிவிடும்.

பிசைதல்

600 கிராம் மண் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் குறைந்தால் விரலுக்கு வேலை இருக்காது, 1 கிலோவைத் தாண்டினால் புதிய கைக்கு அடங்காது. உள்ளங்கையின் அடிப்பகுதியால் முன்னால் தள்ளி, சுருட்டி, திரும்பத் தள்ள வேண்டும். நாற்பது ஐம்பது முறை. பிறகு கம்பியால் இரண்டாக அறுத்துப் பாருங்கள். வெட்டுமுகத்தில் சின்னச் சின்னப் பொந்துகள் தெரிந்தாலோ, ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் குழைந்திருந்தாலோ இன்னும் பிசைய வேண்டும். இந்த இறுக்க வித்தியாசம்தான் பின்னால் சக்கரத்தில் தள்ளாட்டமாக வந்து நிற்கும்.

சக்கரத்தில் ஒட்டுதல்

சக்கரத் தட்டு லேசான ஈரத்தோடு இருந்தால் போதும். தண்ணீர் மிதந்தால் மண் வழுக்கிக்கொண்டு போகும். உருண்டையை நடுவில் ஓங்கிப் போட்டு, சக்கரத்தை மெதுவாகச் சுற்றவிட்டு, இரண்டு கையாலும் தட்டித் தட்டி முடிந்தவரை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். அடி விளிம்பை விரலால் தட்டோடு சேர்த்து அழுத்தி மூடிவிடுங்கள். உலர்ந்த கையால் செய்யும் இந்த அரை நிமிட வேலை, பின்னால் ஐந்து நிமிடப் போராட்டத்தை மிச்சப்படுத்தும்.

நடுவில் நிறுத்துதல்

நான் சிக்கிக்கொண்டது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சக்கரம் எதிர்க்கடிகாரத் திசையில் வேகமாகச் சுற்றட்டும். இடது உள்ளங்கை மண்ணின் இடது பக்கத்தை உள்நோக்கித் தள்ளும். வலது கையின் ஓரம் மேலிருந்து கீழே அழுத்தும். இரண்டு கட்டைவிரலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் இரண்டு கையும் ஒரே கையாக வேலை செய்யும். முதலில் மண்ணை இரு கையாலும் நெருக்கிக் கூம்பாக மேலே ஏற்றி, பிறகு தட்டையாகக் கீழே இறக்க வேண்டும். இப்படி இரண்டு மூன்று முறை. களிமண்ணின் துகள்கள் நுண்ணிய தகடுகள் மாதிரி இருக்கும். நடுவே இருக்கும் தண்ணீரால் அவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். ஏற்றி இறக்கும்போது மண் முழுக்க ஒரே பதத்துக்கு வருகிறது.

இதெல்லாம் எனக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார்கள். நான் செய்துகொண்டும் இருந்தேன். ஆனாலும் நிற்கவில்லை. பலம் போதவில்லை என்று நினைத்து இன்னும் அழுத்தினேன், தோள்தான் வலித்தது.

முதல் ஆசிரியர் என் முழங்கையைப் பார்த்தார். அது காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. "கையால தள்ளாதீங்க, உடம்பால சாயுங்க" என்று சொல்லி, இடது முழங்கையைத் தொடையின் உள்பக்கத்தில் பதித்துவைக்கச் சொன்னார். முழங்கை ஒரு இடத்தில் ஊன்றியிருந்தால் மண்ணின் மேடு வந்து கையில் இடிக்கும்போது கை நகராது, மேடுதான் அமுங்கும். ஊன்றாவிட்டால் மண் தள்ளும் திசைக்கெல்லாம் கையும் போய்வரும். அப்போது மண்ணை நாம் நடுவுக்குக் கொண்டுவருவதில்லை, மண்தான் நம் கையை ஆட்டுகிறது.

இரண்டாவது ஆசிரியர் ஸ்டூலை மாற்றினார். நான் சக்கரத்துக்குத் தள்ளி, தாழ உட்கார்ந்திருந்தேன். இருக்கை தட்டின் உயரத்துக்கு வந்ததும், தட்டைச் சுற்றித் தண்ணீர் சிதறாமல் பிடிக்கும் சக்கரத்தொட்டி வயிற்றைத் தொடுகிற அளவுக்கு நெருங்கியதும், பாதி பலத்திலேயே மண் அடங்கியது. குள்ளமானவர்கள் இருக்கையின் மேல் ஒரு பலகையோ மெத்தையோ போட்டுக்கொள்ளத் தயங்க வேண்டாம்.

மூன்றாவது ஆசிரியர் அதிகம் பேசமாட்டார். என் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கண்ணை மூடிக்குங்க. மண் இடிக்கிறது நின்னதும் சொல்லுங்க" என்றார். கொஞ்ச நேரத்தில் உள்ளங்கையில் அந்தத் தட்டல் தேய்ந்து தேய்ந்து நின்றுபோனது. நின்றுவிட்டது என்றேன். "சரி, கையை எடுங்க." எடுத்தேன். கண்ணைத் திறந்தால் மண் மறுபடி ஆடிக்கொண்டிருந்தது.

"மண் நடுவுலதான் இருந்துச்சு. நீங்க எடுத்தப்போதான் போச்சு" என்றார். திரும்பச் செய்யச் சொன்னார். இந்தத் தடவை என் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டார். மண் அமைதியானதும் அவர் கை உடனே விலகவில்லை. அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, வெறுமனே தொட்டுக்கொண்டு, சக்கரம் நான்கைந்து சுற்று சுற்றும்வரை இருந்துவிட்டு, பிறகுதான் பிரிந்தது. என் கையும் அதோடு சேர்ந்து வந்தது. மண் அசையவில்லை. சக்கரம் சுற்றுகிறதா நிற்கிறதா என்றே தெரியாதபடி இருந்தது.

ஆறு வாரமும் மண்ணை நடுவில் நிறுத்தியிருக்கிறேன், வெடுக்கென்று கையை எடுத்து நானே குலைத்தும் இருக்கிறேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்காவிட்டால் எனக்கு அது தெரியவந்திருக்காது. ஒரு வீடியோவுக்கு நம் கையைப் பார்க்க முடியாதே.

ஆகவே இந்தப் படியில் முழங்கை ஊன்றியிருக்கிறதா, இருக்கை நெருக்கமாக இருக்கிறதா, கை மெதுவாகப் பிரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இனி வரும் எல்லாப் படிகளுக்கும் கடைசியாகச் சொன்னது பொருந்தும். மண்ணைத் தொடுவதும் மெதுவாக, விடுவதும் மெதுவாக.

துளையும் தளமும்

கட்டைவிரல்களை நடுவில் வைத்து நேர்கீழே இறக்குங்கள். அடியில் 8 மில்லிமீட்டர் மண் மிச்சம் இருக்க வேண்டும். சக்கரத்தை நிறுத்தி ஊசியைத் தட்டு வரைக்கும் குத்தி, மண் மட்டத்தில் விரலை வைத்து வெளியே எடுத்தால் தடிமன் தெரியும். ஊசி போட்ட ஓட்டை அடுத்த அழுத்தலில் மூடிக்கொள்ளும்.

அடுத்து துளையை உங்கள் பக்கமாக இழுத்து அகலமாக்குங்கள். அகலமானதும் ஸ்பாஞ்சால் நடுவிலிருந்து விளிம்புக்கும், விளிம்பிலிருந்து நடுவுக்கும் தளத்தை மூன்று நான்கு முறை அழுத்திவிட வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சரியாக இறுக்காத தளம் காயும்போதோ சூளையிலோ நடுவில் எஸ் வடிவில் வெடிக்கும். தளத்தில் தேங்கிய தண்ணீரையும் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

சுவர் எழுப்புதல்

வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். இடது கை உள்ளே, வலது கை வெளியே. இரண்டு கையின் விரல்நுனியும் சுவரின் இரு பக்கமும் நேருக்கு நேர் இருக்கட்டும். அடியில் ஒரு சின்ன மடிப்பு மாதிரி மண்ணைப் பிடித்து, அந்த மடிப்பையே மேலே நகர்த்திக்கொண்டு போக வேண்டும். சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் விரல் கொஞ்சம்தான் ஏற வேண்டும். அவசரப்பட்டால் சுவரில் திருகாணிப் புரி மாதிரி மேடுபள்ளம் விழும். மூன்று முறை ஏற்றினால் போதும். ஒவ்வொரு முறையும் விளிம்பை ஸ்பாஞ்சால் மெல்ல அழுத்தி மட்டப்படுத்துங்கள்.

முதலில் வனையும் ஐந்து கிண்ணத்தையும் வைத்துக்கொள்ளாதீர்கள். கம்பியை எடுத்து நடுவில் நெட்டுக்குத்தாக அறுத்துப் பாருங்கள். எங்கள் ஆசிரியர் இதைச் சொன்னபோது எனக்கு மனசே வரவில்லை. அறுத்துப் பார்த்தால், வெளியே அழகாக இருந்த சுவர் அடியில் விரல் தடிமனாகவும் விளிம்பில் காகிதம் மாதிரியும் இருந்தது. அடுத்த கிண்ணத்துக்கு அடியில் அழுத்தத்தைக் கூட்டி, மேலே போகப் போகக் குறைத்தேன். அந்த ஒரு வெட்டுமுகம் கற்றுத்தந்ததை நான் வேறெங்கும் கற்கவில்லை. அறுத்த மண் வீணாகாது. மறுபயன்பாட்டு வாளிக்குள் போய்த் திரும்ப மண்ணாகிவிடும்.

அறுத்து எடுத்து, காயவைத்து, சீவுதல்

கம்பியைத் தட்டோடு ஒட்டி இறுக்கிப் பிடித்து இழுத்தால் கிண்ணம் விடுபடும். பலகைக்கு மாற்றி, பிளாஸ்டிக் உறையை லேசாக மூடிவையுங்கள். விளிம்பு முதலில் காய்ந்துவிடும், அடி ஈரமாகவே இருக்கும். அதனால் விளிம்பு தாங்கும் நிலைக்கு வந்ததும் கவிழ்த்துவிட வேண்டும். தோல் பதம் வந்ததும், அதாவது விரலால் அழுத்தினால் பள்ளம் விழாமல், நகத்தால் கீறினால் கோடு விழுகிற நிலையில், சக்கரத்தில் கவிழ்த்து வைத்து அடியைச் சீவலாம். உங்கள் பெயரையோ குறியையோ அப்போதே அடியில் கீறிவிடுங்கள். நாற்பது பேர் கிண்ணம் வைக்கும் அலமாரியில் உங்களுடையதை அடையாளம் காண அது ஒன்றுதான் வழி.

முழுக்கக் காய்ந்த கிண்ணத்தை விளிம்பைப் பிடித்துத் தூக்கவே கூடாது. குயவனுக்கு ஆறு மாதம், தடிகாரனுக்கு அரை நாழிகை என்பது அந்த நொடியில் புரியும். இரண்டு கையாலும் அடியைத் தாங்கி எடுங்கள்.

சூளையும் கிளேஸும்

முதல் சூடு 1000 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். ஈரம் மிச்சமிருக்கும் பாத்திரம் உள்ளே போனால் அந்தத் தண்ணீர் நீராவியாகிச் சுமார் 1,600 மடங்கு விரியும், பாத்திரம் வெடிக்கும், பக்கத்தில் இருக்கும் மற்றவர்களின் வேலையையும் சில்லுகள் கெடுக்கும். சந்தேகமாக இருந்தால் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ச்சியாகத் தெரிந்தால் இன்னும் காயவில்லை.

முதல் சூடு முடிந்ததும் கிளேஸ் பூசி மறுபடி சுடுவோம். பூசும்போது அடியிலிருந்து 5 மில்லிமீட்டர் உயரம் வரை ஈர ஸ்பாஞ்சால் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். கிளேஸ் என்பது உருகும் கண்ணாடி. வழிந்தால் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும், தட்டும் போய்விடும். ஒரு தடவை முக்கி, மூன்று எண்ணி எடுத்தால் போதும். கெட்டியாகப் பூசினால் நிறம் நன்றாக வரும் என்று நினைத்து இரண்டு தடவை முக்கி வைத்தேன். ஆசிரியர் பார்த்துவிட்டு, அதை ஒதுக்காமல், அடியில் ஒரு பழைய சுட்ட மண்வில்லையை வைத்துச் சூளையில் ஏற்றினார். வழிந்தது முழுக்க வில்லையில்தான் பிடித்தது.

கிளம்பும் முன் சக்கரத் தட்டையும் தொட்டியையும் ஈர ஸ்பாஞ்சால் துடையுங்கள். காய்ந்த மண்ணை விளக்குமாற்றால் பெருக்காதீர்கள். களிமண் தூசியில் சிலிக்கா இருக்கிறது, வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலைக் கெடுக்கும். நாள் முழுக்க அங்கேயே இருக்கும் ஆசிரியர்களுக்குத்தான் அதில் ஆபத்து அதிகம்.

பின்சேர்க்கை 1: இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் எப்படி வனைவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். மின்சக்கரங்கள் பலவற்றில் திசை மாற்றும் சுவிட்ச் இருக்கும். கடிகாரத் திசைக்கு மாற்றிக்கொண்டு, நான் சொன்ன இடது வலதை அப்படியே திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். ஜப்பானில் கடிகாரத் திசையில் சுற்றித்தான் பெரும்பாலும் வனைகிறார்கள், எனவே இதில் தவறு என்று ஒன்றுமில்லை.

பின்சேர்க்கை 2: "எழுப்பியபோது இருந்த அளவு சுட்ட பிறகு இல்லையே" என்று ஒருவர் எழுதியிருந்தார். மண்ணின் வகையைப் பொறுத்து மொத்தத்தில் 10 முதல் 13 சதவீதம் வரை சுருங்கும். குவளை வேண்டுமென்றால் கையில் கொஞ்சம் பெரிதாகத் தெரிகிற அளவில் வனையுங்கள்.

பின்சேர்க்கை 3: ஆசிரியர் வேறொருவரோடு இருக்கும்போது சுவர் சரிந்தால் என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். சக்கரத்தை நிறுத்திவிட்டு, சரிந்ததை அப்படியே விட்டுவையுங்கள். கூச்சத்தில் அடித்து உருண்டையாக்கிவிடாதீர்கள். எந்தப் பக்கம் சரிந்தது, எங்கே மெலிந்தது என்று பார்த்துத்தான் அவர்களால் உங்கள் கை என்ன செய்தது என்று சொல்ல முடியும். நான் கேட்ட எந்த ஆசிரியரும் அதைப் பார்க்க வர மறுத்ததில்லை.