ஹாம்பர்க்கில் 1943-இன் தடயங்களை ஒரே நாளில் பார்ப்பது எப்படி

இரண்டாம் உலகப் போரில், 1943 ஜூலையில், நேச நாடுகளின் விமானங்கள் ஜெர்மனியின் ஹாம்பர்க் மீது குண்டு வீசின. அதில் சேதமான செயின்ட் நிகோலாய் தேவாலயத்தின் கறுத்த கோபுரத்தைப் படமெடுத்ததும் பலர் துறைமுகம் பக்கம் போய்விடுவார்கள். அந்தக் கோபுரம் ஏறிப் பார்க்க வேண்டிய இடம். அங்கிருந்து தொடங்கினால்தான் மற்றவை பிடிபடும்.

யூ3 ரயிலில் ரோடிங்ஸ்மார்க்ட்டில் இறங்குங்கள். செயின்ட் நிகோலாய் கோபுரம் பக்கத்திலேயே இருக்கிறது. உயரம் 147 மீட்டர், லிஃப்ட் 76 மீட்டர் வரை போகும். மேலே போனதும் கிழக்கே பாருங்கள். அலுவலகக் கட்டடங்களாகத் தெரிகிற ஹாமர்புரூக், 1943 ஜூலை 27 இரவுவரை தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. வெயிலில் காய்ந்து கிடந்த ஊர், ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள், முந்தைய தாக்குதலின் தீயை அணைக்க மேற்குப் பகுதிக்குப் போய்விட்ட தீயணைப்பு வண்டிகள். எல்லாம் சேர, தனித்தனியாக எரிந்த தீ ஒன்றுகூடிப் புயலானது. அங்கே இடிபாடு தேடிப் பயனில்லை. குடியிருப்பே இல்லாமல் போனதுதான் தடயம்.

கீழே இறங்கியதும் ஒரு தவறு நேரும். கோபுரத்தை ஒட்டிய வெற்றிடம் முழுக்கக் குண்டு செய்த வேலை என்று தோன்றும். தேவாலயத்தின் உடல்பகுதி சேதமடைந்தாலும் சுவர்களில் பெரும்பகுதி நின்றது, 1951-இல்தான் இடித்தார்கள்.

அடுத்து ஹாஃபன்சிட்டியில் உள்ள லோசெபார்க். இதைத் தவிர்த்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். ஹானோவர் ரயில் நிலையம் இருந்த இடம் இது. 1940 முதல் 1945 வரை 8,000-க்கும் மேற்பட்ட யூதர்களும், சின்டி, ரோமா என்னும் ஐரோப்பியச் சிறுபான்மை இனத்தவரும் நாஜிகளால் இங்கிருந்து ரயிலேற்றி நாடுகடத்தப்பட்டார்கள். பூங்காவை வெட்டிச் செல்லும் பள்ளமான பாதை பழைய தண்டவாளத்தின் போக்கிலேயே போய், எஞ்சிய நடைமேடையில் முடியும்.

நடக்கும்போது வாசல் ஓரங்களில் கண் வையுங்கள். நாஜிகளால் பாதிக்கப்பட்டவர்களின் நினைவாக, பித்தளைத் தகடு பொருத்திய 10 செ.மீ. சதுரக் கற்கள் நடைபாதையில் பதிந்திருக்கும். முதல் வரி ‘ஹியர் வோன்டெ’, அதாவது ‘இங்கே வாழ்ந்தவர்’. பிறகு பெயர், ‘யார்காங்’ என்பதன் சுருக்கத்தோடு பிறந்த ஆண்டு, நாடுகடத்தப்பட்ட ஆண்டும் ஊரும். ‘எர்மோர்டெட்’ என்றால் கொல்லப்பட்டவர். பித்தளை மங்கியிருந்தால் நேராக நின்று படிக்க வராது. பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி குனியுங்கள்.

பிற்பகலில் யூ2 அல்லது யூ4 பிடித்து ஹாமர் கிர்ஹெ நிலையத்துக்குப் போங்கள். இந்த ஹாம் பகுதியின் செங்கல் குடியிருப்புகளில், வாசலுக்கு அருகே சிறு பலகைகள் தென்படும். ‘ட்செர்ஷ்டோர்ட் 1943’ என்றால் அழிந்த ஆண்டு, ‘ஆஃப்கெபாவுட்’ என்பதை அடுத்து வருவது கட்டி முடித்த ஆண்டு. இரண்டையும் கழித்துப் பாருங்கள். அந்த மனையில் வீடில்லாமல் கழிந்த ஆண்டுகள் அவ்வளவு. பலகை இல்லாத செங்கல் வீடுகளை மட்டும் அவசரப்பட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள். 1920-களில் கட்டியவையும் ஏறக்குறைய இதே தோற்றம்தான்.

ஃபெல்ட்ஷ்ட்ராசெயில் உள்ள போர்க்காலப் பதுங்கு கோபுரத்தில் 2024-இல் திறந்த கூரைத் தோட்டம் பிரபலம். அதை இன்னொரு நாளுக்கு ஒதுக்குங்கள். மாலை வெளிச்சம் ஓல்ஸ்டோர்ஃப் கல்லறைத் தோட்டத்துக்கு வேண்டும். யூ1 அல்லது எஸ்1 ரயிலில் போகலாம். தோட்டம் மிகப் பெரியது, நடந்தே போக நினைத்தால் இருட்டிவிடும். உள்ளேயே பேருந்து ஓடுகிறது. சிலுவை வடிவக் கூட்டுக் கல்லறையில் குண்டுவீச்சில் இறந்த 36,918 பேர் கிடக்கிறார்கள். குறுக்கே கிடக்கும் ஓக் மர உத்தரங்களில் ஆட்பெயர் எதுவும் இல்லை, அழிந்த பகுதிகளின் பெயர்கள்தான். அவற்றில் ஹாம் எங்கே என்று தேடுங்கள்.