பறவை வளர்க்கிற வீட்டில் நான்ஸ்டிக் தவா எதற்கு?

கடலூரில் புதிதாகப் பறவை வளர்க்க ஆரம்பிப்பவர்கள் என் மாடிக் கூண்டுகளைப் பார்க்க வரும்போது முதலில் கேட்பது, "அண்ணே, என்ன தீனி போடுறீங்க?" என்பதுதான். எதைப் போடக்கூடாது என்று கேட்பவர் அரிது. உங்கள் கூண்டை எங்கே மாட்டியிருக்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டால், ஏதோ வாஸ்து பார்க்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தண்ணீரைத் தினமும் மாற்று, பூனை வராமல் பார் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லி விற்கிற பட்ஜி, ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ், காக்டெயில், ஃபிஞ்ச் வைத்திருப்பவர்களுக்காக, வீட்டுக்குள்ளேயே பறவைக்கு விஷமாகிற விஷயங்களைப் பற்றி இதை எழுதுகிறேன். பச்சைக்கிளிக்கு என்னிடம் யோசனை கேட்டு வராதீர்கள், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் அடைத்து வைப்பதே குற்றம்.

நான்ஸ்டிக் தவா

எத்தனை முறை சொன்னாலும் யாரும் காதில் வாங்காத விஷயம், இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது. மஞ்சக்குப்பத்தில் தெரிந்தவர்கள் வீட்டில் கூண்டு சமையலறை வாசலை ஒட்டித் தொங்கும். ஒரு நாள் காலையில் அந்த அக்கா நான்ஸ்டிக் தவாவை அடுப்பில் வைத்து, தீயைக் கூட்டிவிட்டு, மாவை எடுக்கப் போன நேரத்தில் வாசலில் சிலிண்டர் வந்துவிட்டது. பில்லைப் பார்த்து, சில்லறை தேடி, பக்கத்து வீட்டம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு உள்ளே வந்தால், காக்டெயில் கூண்டின் தரையில் வாயைப் பிளந்துகொண்டு, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஏறி இறங்கக் கிடக்கிறது. பட்ஜிகள் அதற்கு முன்பே போய்விட்டன. பெரிதாகக் கருகல் வாடையோ புகையோ இல்லை, தவாவும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"திருஷ்டி பட்டிருச்சு" என்றார்கள். அப்புறம் தினைக் கடைக்காரர் மேல் சந்தேகம் வந்து கடையை மாற்றினார்கள். கூண்டைக் கழுவி, வெயிலில் காயவைத்து, அதே இடத்தில் மாட்டி, புது ஜோடி வாங்கி விட்டார்கள். தவா மட்டும் அப்படியே இருந்தது. அந்த ஜோடியும் போன பிறகுதான் எனக்கு போன் வந்தது.

தவாவின் கருப்புப் பூச்சு, டெஃப்லான் என்று நாம் சொல்கிற பி.டி.எஃப்.இ. மாவு ஊற்றிச் சுடும்போது அவ்வளவு சூடு ஏறாது. வெறும் தவாவைப் பெரிய தீயில் விட்டால் சில நிமிடங்களிலேயே 280 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும், அந்தச் சூட்டில் பூச்சு சிதைந்து வாயுவாகவும் கண்ணுக்குத் தெரியாத துகளாகவும் கிளம்பும். மனிதர்களுக்கு அது பெரும்பாலும் காய்ச்சல், உடம்பு வலியோடு போய்விடும். பறவைக்கு அப்படியில்லை, காற்றுப் பைகள் இருப்பதால் மூச்சை உள்ளே இழுக்கும்போதும் வெளியே விடும்போதும் அதன் நுரையீரலில் புதுக் காற்று ஓடிக்கொண்டே இருக்கும். பறப்பதற்காக அமைந்த அந்த ஏற்பாடே விஷக்காற்றையும் மிச்சமில்லாமல் உள்ளே சேர்த்துவிடுகிறது. நுரையீரலில் நீரும் ரத்தமும் கோத்து, டாக்டரைத் தேடுவதற்குள் முடிந்துவிடும்.

"ரெண்டு வருஷமா இதுலதான் சுடுறோம், ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். ஆகாது, தவா காய்ந்துபோவதற்குள் மாவு ஊற்றுகிற வரைக்கும். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறது, ஜன்னல் திறந்திருக்கிறது என்பதை நம்பி உயிரைத் தொங்கவிட முடியாது. தவாவை வேண்டாதவர்களுக்குக்கூடக் கொடுக்காமல் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு இரும்புத் தோசைக்கல் வாங்கிப் பழக்குங்கள், முறுகலும் அதில்தான் நன்றாக வரும். எண்ணெய் தடவிப் பழக்குகிற அன்று புகை வரும், அந்தப் புகையும் ஆகாது, கூண்டை மாடிக்கு ஏற்றிவிட்டுச் செய்யுங்கள். ஏர் ஃபிரையர், சாண்ட்விச் டோஸ்டர், சில இஸ்திரிப் பெட்டிகளின் அடித்தட்டு இவற்றிலும் இதே பூச்சு உண்டு.

மழைக்காலத் தினை

விலை குறைவு என்று மூட்டையாக வாங்கி வைப்பது. ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர் ஈரத்துக்குத் தினையும் நிலக்கடலையும் பூஞ்சை பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். கையில் அள்ளி முகர்ந்து பாருங்கள், புழுங்கின வாடை அடித்தால் கொட்டிவிடுங்கள். வெயிலில் காயவைத்தால் சரியாகிவிடும் என்பது தப்பு, பூஞ்சை செத்தாலும் அது கக்கிய அஃப்லாடாக்சின் என்கிற நஞ்சு தானியத்திலேயே நிற்கும். அது ஈரலை அரிக்கும். பறவை தின்றுகொண்டேதான் இருக்கும், ஆனால் கையில் பிடித்தால் நெஞ்செலும்பு கத்திமுனை மாதிரி குத்தும்.

பட்டர் ஃப்ரூட்

பாண்டியில் இப்போது ஜூஸ் கடையில் ஆரம்பித்து கஃபே வரை எங்கும் இது கிடைக்கிறது. நாம் சாப்பிட்ட மிச்சத்தை ஆசையாக நீட்டாதீர்கள். அதிலுள்ள பெர்சின் பறவையின் இதயத்தசையைத் தாக்கும், ஓரிரு நாளில் ஆள் காலி. பழம், தோல், கொட்டை, இலை எல்லாமே சேர்த்தி.

அரளிக் கிளை

உட்கார இயற்கையான கிளை வைக்கிறேன் என்று வாசலில் இருக்கிற அரளியை வெட்டிச் செருகுகிறவர்கள் இருக்கிறார்கள். செடி முழுக்க விஷம் என்று ஊருக்கே தெரியும், கூண்டு விஷயத்தில் மட்டும் மறந்துபோகிறது. மருந்து அடிக்காத கொய்யா, வேம்பு போதும்.

புதுக் கூண்டு

ஜி.ஐ. கம்பியில், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பியில், வெள்ளையாகப் பொடி பூத்திருக்கும். அது துத்தநாகம். பட்ஜியும் காக்டெயிலும் கம்பியை அலகால் பிடித்துத்தான் ஏறும், நாள் முழுக்க நக்கிக்கொண்டிருக்கும். வினிகர் ஊற்றி பிரஷ்ஷால் தேய்த்து, கழுவிக் காயவைத்த பிறகு விடுங்கள். பூச்சு உரியத் தொடங்கிய கூண்டை மாற்றிவிடுங்கள்.

சாம்பிராணி, கொசுவர்த்தி, ரூம் ஸ்ப்ரே

கூண்டு இருக்கிற அறையில் கூடாது. வெள்ளிக்கிழமையானாலும்.

சாக்லேட், டீ, காபி

ஒரு சொட்டுகூட வேண்டாம்.

உப்பு முந்திரி

பண்ருட்டி உறவினர் கொண்டுவந்ததாகவே இருக்கட்டும், நீங்களே சாப்பிடுங்கள்.

வாயில் ஊற்றுவது

எதையோ தின்றுவிட்டது என்று தெரிந்ததும் பால், மோர், உப்புத் தண்ணீர் என்று சிரிஞ்சில் எடுத்து அலகுக்குள் பீய்ச்சுகிறார்கள். மூச்சுக்குழாயின் வாய் நாக்கின் அடிப்பகுதிக்குப் பின்னாலேயே திறந்திருக்கும், ஊற்றியது நேராக அதற்குள் போய்விடும். இருட்டான அட்டைப் பெட்டியில் துணி விரித்து, காற்றுத் துளை போட்டு, பறவையை வைத்துக் கிளம்புங்கள். பாண்டி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி நிறுவனம் இருக்கிறது. கூண்டில் விரித்திருந்த பேப்பரை எச்சத்தோடு மடித்து, அது தின்ற பொருளில் மிச்சமிருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.