கலயத்தில் உங்கள் பேர்: கீழடி நினைவாக வீட்டிலேயே ஒரு தமிழிக் கீறல்

கீழடி அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களுக்கு எதையாவது கையில் எடுத்துப்போக ஆசை வருகிறது. அந்த ஆசையில் அகழாய்வு நடந்த தென்னந்தோப்புப் பக்கம் குனிந்து ஓட்டுச்சில்லு பொறுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். கிடந்த இடத்தையும் மண்ணடுக்கையும் வைத்துத்தான் ஆய்வாளர்கள் ஒரு சில்லின் கதையைப் படிக்கிறார்கள். உங்கள் வீட்டு அலமாரிக்கு வந்துவிட்டால் அது வெறும் ஓடு.

அதற்குப் பதிலாக, இன்று மண்பாண்டம் செய்யும் வேளார் ஒருவர் வனைந்த கலயத்தை வாங்கி, அதில் உங்கள் பேரைத் தமிழி எழுத்தில், அதாவது தமிழ்ப் பிராமி என்றும் சொல்லப்படும் பழந்தமிழ் எழுத்தில், நீங்களே கீறிக்கொள்ளலாம். சூளை தேவையில்லை, ஓவியத் திறமையும் தேவையில்லை. ஒரு மாலைப்பொழுது போதும்.

முதலில் போய்ப் பாருங்கள்

மதுரையிலிருந்து ராமேசுவரம் சாலையில் சிலைமானைத் தாண்டினால் கீழடி. அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. எழுத்துப் பொறித்த ஓடுகள் இருக்கும் பகுதியில் அவசரப்படாமல் நில்லுங்கள். நான்காம் கட்ட அகழாய்வில் மட்டும் தமிழி எழுத்துள்ள ஓடுகள் 56 கிடைத்தன. ‘ஆதன்’, ‘குவிரன்’ போன்ற பேர்கள் அவற்றில் உண்டு. எழுத்தின் விளிம்பைக் கூர்ந்து பாருங்கள். ஈரமண்ணில் எழுதியது வழுவழுப்பாக ஓடும். சுட்ட பிறகு கீறியது பிசிறடித்து, கோடு தொடங்கிய இடமும் விட்ட இடமும் தெரிய நிற்கும். நாம் செய்யப்போவது இரண்டாவது வகை.

கலயம் வாங்குவது

அதே சாலையில் திருப்புவனம் தாண்டிப் போனால் மானாமதுரை. கச்சேரிகளில் வாசிக்கிற கடம் அங்கே செய்யப்படுகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். சட்டி, பானை, கலயமும் அங்கே கிடைக்கும். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் பக்கத்துச் சந்தையில் தேடலாம்.

தோள் அகன்ற சிறு கலயம் வேண்டும். கழுத்துக்குக் கீழே கலயம் விரியும் பகுதிதான் தோள்; எழுத்து அங்கேதான் உட்காரும். வண்ணம் பூசியது வேண்டாம். பளபளக்கும் பெயிண்டின் மேல் கீறினால் சுவரொட்டியைச் சுரண்டியது போல இருக்கும். விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நன்றாக வெந்திருக்கிறது. பொத்தென்று கேட்டால் எங்கோ விரிசல், அல்லது வேக்காடு போதவில்லை. இரண்டாக வாங்குங்கள், ஒன்று பழகுவதற்கு. விலை பேசுவது உங்கள் விருப்பம். இருநூறு ரூபாய் பீங்கான் கோப்பைக்குப் பேரம் பேசாதவர்கள் இங்கே வந்து பத்து ரூபாய்க்கு நிற்பது எனக்குப் பிடிப்பதில்லை.

உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான கலயம் எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள். பழங்காலத்தில் கலத்தைக் கவிழ்த்து வைத்துச் சுட்டார்கள். காற்றுப் புகாத உட்புறம் கறுத்தது, காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவந்தது. இன்று கடைகளில் அது அரிது. சாதாரணச் செங்கலயமே போதும்.

பேரை எழுதிப் பாருங்கள்

‘கதிர்’ என்ற பேரை எடுத்துக்கொள்வோம். க என்பது கூட்டல் குறி, அவ்வளவுதான். த என்பது கவட்டைக் கம்பைத் தலைகீழாகப் பிடித்த வடிவம். அதைத் ‘தி’ ஆக்க, உச்சியிலிருந்து வலப்பக்கம் போய் மேலே திரும்பும் சிறு கோடு ஒன்று. ர வெறும் செங்குத்துக் கோடு. தொடக்ககால எழுத்துகளில் புள்ளி கிடையாது, ஆகவே ‘ர்’ என்பதற்கும் அதே கோடு. முடிந்தது.

கணினியில் பார்த்து எழுத நோட்டோ சான்ஸ் பிராமி என்ற எழுத்துரு இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அது வடக்கத்திப் பிராமியின் சாயல் கொண்டது. தமிழுக்கே உரிய ழ, ள, ற, ன ஆகிய நான்கையும் கல்வெட்டுப் படங்களோடு ஒப்பிட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தாளில் இருபது முறை எழுதிக் கை பழகிய பிறகுதான் கலயத்தைத் தொட வேண்டும்.

கீறுவது

கலயத்தை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவையுங்கள். ஈர ஓட்டில் தூசி பறக்காது. ஆனாலும் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்; சுட்ட மண்ணின் தூசி நுரையீரலுக்கு ஆகாது. குழந்தைகள் கையில் ஆணியைக் கொடுக்க வேண்டாம், அவர்கள் பென்சிலால் எழுதித் தரட்டும்.

கீழே ஒரு புரிமணை (பானை உட்கார வைக்கும் வைக்கோல் வளையம்), இல்லையென்றால் சுருட்டிய துண்டு. கலயம் உருளாமல் உட்கார வேண்டும். தோளில் பென்சிலால் பேரை எழுதிக்கொண்டு, கான்கிரீட் ஆணியைப் பேனா போலப் பிடியுங்கள். கோட்டை எப்போதும் உங்களை நோக்கி இழுங்கள். அழுத்தாதீர்கள்.

என் முதல் கலயத்தில் நான் செய்த தவறு அதுதான். கூட்டல் குறியின் குறுக்குக்கோட்டை ஒரே இழுப்பில் ஆழமாக்கப் பார்த்தேன். டக்கென்று ஒரு சத்தம், விரிசல் கழுத்துவரை ஏறிவிட்டது. இப்போது அதில் துளசி வளர்கிறது.

முதல் இழுப்பில் ஒன்றுமே ஆகாதது போலத்தான் இருக்கும். நாலாவது, ஐந்தாவது இழுப்பில் சிவந்த மேல்தோல் கிழிந்து, உள்ளே வெளிறிய மண் ஒரு நூல் அளவுக்கு எட்டிப்பார்க்கும். ஆணியின் கீச்சொலி கொஞ்சம் தடிக்கும். அதன் பிறகு பத்துப் பதினைந்து மெல்லிய இழுப்புகள். நேர்கோடுகளை முதலில் முடியுங்கள். வ போன்ற வட்டமுள்ள எழுத்தை ஒரே சுற்றில் போட முடியாது. நாலு சிறு வளைவுகளாகப் பிரித்துச் சேர்க்க வேண்டும். கோணலாக வந்தால் கவலை வேண்டாம். குவிரன் எழுதியதும் அச்சுக்கோத்தது போலவா இருக்கிறது?

பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவி, நிழலில் காயவையுங்கள். வார்னிஷ் பூச வேண்டாம்.

அடியில் ஒரு வரி

இதை விட்டுவிடாதீர்கள். கலயத்தைக் கவிழ்த்து, அடியில் இன்றைய தமிழ் எழுத்தில் செய்த ஆண்டையும் கலயம் வாங்கிய ஊரையும் கீறுங்கள். தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்தும் புகை காட்டியும் பழையது போல ஆக்கும் வித்தைகளைச் சிலர் சொல்லித்தருவார்கள். நாலு கை மாறிய பிறகு அப்படிப்பட்ட கலயம் யாரையாவது ஏமாற்றும். வனைந்தவர் ஒப்புக்கொண்டால் அவர் பேரையும் சேர்க்கலாம். விற்பதாக இருந்தால் அதைக் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்பேன்.

பேரில் ஸ வருகிறதே, தமிழியில் எழுதலாமா என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். தாராளமாக எழுதலாம். மேலூர்ப் பக்கம் மாங்குளத்தை அடுத்த மலைக் குகையில், நெடுஞ்செழியன் பேர் வரும் கல்வெட்டிலேயே நந்தஸிரி என்ற பேரில் ஸ வெட்டப்பட்டிருக்கிறது. அவள் பேர் ஸரஸ்வதி. இரண்டு ஸ இருக்கிறது என்று இரண்டாவது எழுத்தோடு கை வலித்துப்போய், ‘ஸர’ என்பதோடு நிறுத்திவிட்டாள். மீதியை அடுத்த ஞாயிற்றுக்கிழமை கீறுவதாகச் சொல்லியிருக்கிறாள்.