பிள்ளையின் எடைக் கட்டுப்பாட்டுப் பயிற்சியைப் பாதியில் விடாமலிருக்க

எடை கூடிய பிள்ளைகளுக்கான பயிற்சி வகுப்பில் சேர்ந்த வேகத்திலேயே பலர் நின்றுவிடுகிறார்கள், அதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஒரு மணி நேர வகுப்புக்கு இரண்டு பஸ் மாறி, அரை நாள் சம்பளத்தை விட்டு, டியூஷனையும் தள்ளிப்போட்டு எத்தனை வாரம்தான் போக முடியும்?

அதனால் சேரும் முன்பே மொத்தம் எத்தனை வகுப்பு, மாலையில் உண்டா, சிலதை ஃபோனில் முடிக்கலாமா என்று கேளுங்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் 2023 வழிகாட்டுதல், 3 முதல் 12 மாதங்களுக்குள் 26 மணி நேரமாவது நேரடிப் பயிற்சி வேண்டும் என்கிறது. யார், எந்தக் கிழமை கூட்டிப்போவது என்பதைக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.

அப்புறம் தராசு. உயரம் கூடிக்கொண்டே எடை அப்படியே நின்றாலும் பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட எடையின் அளவு, குறையும். பல பிள்ளைகளுக்கு அதுவே நல்ல முன்னேற்றம். இது தெரியாமல் ‘ஒரு கிலோகூடக் குறையலையே’ என்று நிறுத்திவிடுகிறோம். எல்லார் எதிரிலும் எடையைச் சத்தமாகச் சொன்னால் அடுத்த வாரம் பிள்ளைக்கு வயிற்றுவலி வந்துவிடும், அது நடிப்பல்ல. தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

அண்ணனுக்குப் பூரி, இவளுக்கு மட்டும் சுண்டல் என்று தட்டைப் பிரிக்காதீர்கள். பாட்டியையும் ஒருநாள் வகுப்புக்குக் கூட்டிப்போங்கள். “குழந்தை இளைச்சுப்போச்சே” என்று முறுக்கு டப்பாவைத் திறப்பது அவர்தான், அன்பால்தான்.

இரண்டு வாரம் தவறிவிட்டதா? சரி, கூச்சப்பட்டு ஒதுங்காமல் ஃபோன் செய்து அடுத்த வகுப்பு எப்போது என்று கேளுங்கள்.