இரத்தக்காட்டேரிப் படங்களைப் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணத்தில் மாதம் ஒருமுறை கூடுகிற எங்கள் திரைப்படக் கழகத்தில், புதியவர்கள் எழுதிவரும் கட்டுரைகளைப் படித்துத் திருத்திக் கொடுப்பது பல ஆண்டுகளாக என் பொறுப்பாக இருக்கிறது. சென்ற ஐப்பசியில் இரத்தக்காட்டேரிப் படங்களை வரிசையாகத் திரையிட்டோம். வந்த ஏழு கட்டுரைகளில் ஐந்தில், முன்பு நான் செய்த அதே தவறு வரி மாறாமல் இருந்தது. பெயர்ப் பிழைகளையும் ஆண்டுப் பிழைகளையும் யாரும் திருத்திவிடலாம் என்பதால் அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

பழைய படத்தின் விதியை நாவலின் விதி என்று எழுதுவது

"வெயில் பட்டால் டிராகுலா எரிந்துபோவான் என்பது பிராம் ஸ்டோக்கர் வகுத்த விதி, புதிய படங்கள் அதை மீறுகின்றன." இந்த வாக்கியத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. 1897-இல் வெளிவந்த ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவலில் அப்படி ஒரு விதியே இல்லை. கதைநாயகி மினாவின் நாட்குறிப்பில் செப்டம்பர் 22-ஆம் தேதியைப் பாருங்கள். லண்டனின் பிக்காடிலி தெருவில், பட்டப்பகலில், கறுத்த மீசையும் கூர்தாடியுமாக நின்றுகொண்டு, குதிரை வண்டியில் அமர்ந்திருக்கும் அகலத் தொப்பி அணிந்த ஒரு பெண்ணை அவன் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறான். பகலில் அவனுடைய ஆற்றல் ஒடுங்கும், நினைத்த நேரத்தில் உருமாற முடியாது, அவ்வளவுதான். இறுதியில் மினாவின் கணவன் ஜோனதனின் கத்தி கழுத்தை அறுக்க, நண்பன் குவின்சியின் கத்தி நெஞ்சில் இறங்க, சூரியன் மறையும் வேளையில் அவன் தூளாகிறான்.

வெயில் அவனைக் கொல்வது 1922-இல் முர்னாவ் எடுத்த 'நோஸ்ஃபெராட்டு' என்னும் மௌனப் படத்தில்தான். நாயகி தன்னையே பலியாகக் கொடுத்து விடியும்வரை ஓர்லாக் பிரபுவை (டிராகுலாவுக்கு அந்தப் படம் வைத்த பெயர்) பிடித்து வைக்கிறாள், சேவல் கூவுகிறது, காலை வெளிச்சத்தில் அவன் புகையாகிறான். உரிமை பெறாமல் எடுத்த படம் என்பதால் ஸ்டோக்கரின் மனைவி வழக்குத் தொடுத்தார். படிகளை அழித்துவிடும்படி 1925-இல் தீர்ப்பானபோதும் சில படிகள் தப்பிவிட்டன. 1958-இல் கிறிஸ்டோபர் லீ நடித்த படத்திலும் திரைச்சீலையைப் பிடுங்கி வெயிலை உள்ளே விட்டே அவனை முடிக்கிறார்கள். இப்படிப் படத்துக்குப் படம் கைமாறிவந்த ஒன்றைத்தான் நாம் மூலநூலின் தலையில் ஏற்றி வைக்கிறோம்.

இதற்கு நான் கொடுத்த விலையைச் சொல்லிவிடுகிறேன். 1992-இல் கொப்போலா எடுத்த படத்தில் டிராகுலா லண்டன் தெருவில் பகலில் நடமாடுவதை, நாவலுக்குச் செய்த துரோகம் என்று ஒரு சிற்றிதழில் எட்டுப் பக்கம் எழுதினேன். மினாவின் மேல் அவன் கொள்ளும் ஜென்மம் கடந்த காதலையோ நாவலின் உயிர் என்று புகழ்ந்தேன். உண்மை இதற்கு நேர்மாறானது: பகல் நடமாட்டம் நாவலில் இருப்பது, காதல் படத்தில் சேர்த்தது. திருவையாற்றிலிருந்து ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் நாவலை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பேருந்தேறி வந்து, பென்சிலால் கோடிட்ட பக்கத்தை விரித்து, என் விரலைப் பிடித்து அந்த வரியின் மேல் வைத்தார். ஒரு வார்த்தையும் கடிந்து பேசவில்லை. அதற்குள் முந்நூறு படிகளும் அஞ்சலில் போய்விட்டன. தொடராக வரவிருந்த மற்ற மூன்று கட்டுரைகளையும் இதழாசிரியர் நிறுத்திவிட்டார். அவர் செய்தது நியாயம்தான்.

இது வெறும் தகவல் பிழையாக நின்றுவிடுவதில்லை. ஒரு புதிய படம் யாரோடு வாதாடுகிறது என்பதையே நாம் தவறாகப் புரிந்துகொள்கிறோம். நாவலிடம் திரும்பிப் போகிற படத்தை நாவலை உடைக்கிற படம் என்று சொல்லிவிட்டால், பிறகு எழுதும் ஒவ்வொரு பத்தியும் கோணலாகத்தான் போகும். எனவே குறிப்பேட்டின் ஒரு பக்கத்தில் நாவலில் உள்ளதையும், எதிர்ப்பக்கத்தில் இடையே வந்த நாடகங்களும் படங்களும் சேர்த்ததையும் எழுதி வைத்துக்கொண்டு, அதன் பிறகே கட்டுரையைத் தொடங்குங்கள்.

ஸ்டோக்கரிலிருந்து தொடங்குவது

இரத்தக்காட்டேரிக் கதைகள் அவருக்கு முன்பே உண்டு: பொலிடோரியின் கதை 1819-இலும் லெ ஃபானுவின் 'கார்மில்லா' 1872-இலும் வந்துவிட்டன.

மூலத்தோடு ஒத்துப்போவதை மட்டும் அளப்பது

வீட்டார் ஒருவர் அழைத்தாலன்றி இரத்தக்காட்டேரி முதல்முறை உள்ளே நுழைய முடியாது என்கிறது நாவல். அழைக்காமல் நுழைந்தால் என்னவாகும்? லிண்ட்க்விஸ்டின் நாவலிலிருந்து தாமஸ் ஆல்ஃப்ரெட்சன் 2008-இல் எடுத்த ஸ்வீடன் நாட்டுப் படம் அதைக் காட்டுகிறது. சிறுவன் வேண்டுமென்றே அழைக்காமல் நிற்கிறான். குழந்தை உருவிலுள்ள இரத்தக்காட்டேரியான ஏலி உள்ளே காலெடுத்து வைத்ததும் உடலெங்கும் இரத்தம் கசிகிறது. பதறிப்போய் "வரலாம்" என்கிறான். "வாங்க" என்ற சொல் வரும்வரை திண்ணையிலேயே நிற்கிற நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் காட்சியின் வலியை விளக்கவே வேண்டியதில்லை. பழைய விதியை மீறாமலேயே அதனுள் இருந்த கேள்வியைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். எத்தனை விதிகள் ஒத்துப்போகின்றன என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் இதைக் காண்பதே இல்லை.

பார்க்காத படத்தைக் கண்டிப்பது

வேண்டாம்.

நம் ஊர்க் காட்டேரியோடு குழப்புவது

சொல்லை இரவல் வாங்கியிருக்கிறோம், பொருளை அல்ல. நம் பக்கத்துக் கிராமங்களில் காட்டேரி படையல் பெறுகிற தெய்வம். அங்கே அச்சமும் வணக்கமும் சேர்ந்தே இருக்கின்றன. டிராகுலாவோ கல்லறையை விட்டு எழுந்து வருகிற பிணம். உள்ளூர் ஒப்புமை ஒன்று வேண்டுமென்றால் பிடிமண்ணைச் சொல்லலாம். பிழைக்கப் போன ஊரில் குலதெய்வத்தை நிலைநிறுத்தத் தாய்க்கோயிலின் மண்ணை எடுத்துப் போகிறோம். தன் நிலத்து மண்ணில் படுத்தாலன்றி ஓய்வு கிடைக்காத அவன், அதை 50 மரப்பெட்டிகளில் நிரப்பிக் கப்பலேற்றுகிறான். இந்த ஒப்புமை என்னுடையது அன்று. திருத்துறைப்பூண்டியிலிருந்து வருகிற ஒரு மாணவி தன் முதல் கட்டுரையில் எழுதியது. அந்தப் பத்தியில் ஓர் எழுத்தையும் நான் மாற்றவில்லை.