‘தி கிரேட் கேட்ஸ்பி’: கையில் பென்சிலோடு ஒரு முதல் வாசிப்பு

எம்.ஏ. ஆங்கிலம் படித்த காலத்தில் இந்த நாவலைப் படிக்காமலேயே பரீட்சை எழுதினேன். கைடில் ‘பச்சை விளக்கு என்றால் கனவு, சாம்பல் பள்ளத்தாக்கு என்றால் சீரழிவு’ என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். மனப்பாடம் பண்ணி அப்படியே இறக்கினேன், மார்க்கும் வந்தது. ரொம்ப வருடம் கழித்து ஒரு ரயில் பயணத்தில் நாவலையே எடுத்துப் படித்தேன். முக்கியமான பல இடங்களில் கதை சொல்கிற ஆள் அங்கே இல்லவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கைடில் அதைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது.

அதனால் முதல் தடவை படிக்கப்போகிறவர்களுக்கு என் வழி இது. பண்டிதத்தனம் எதுவும் இல்லை. கதையின் முடிவை மட்டும் நடுவில் சொல்லிவிடுவேன். பரவாயில்லை என்பவர்கள் தொடரலாம்.

படி 1: முதலில் கொஞ்சம் முன்கதை

எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் எழுதிய இந்த நாவல் 1925 ஏப்ரலில் வெளியானது. ஒன்பது அத்தியாயங்கள்தான், ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். அமெரிக்காவில் 2021 முதல் காப்புரிமை இல்லை. ப்ராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இருந்தாலும் அச்சுப் புத்தகம் வாங்கச் சொல்வேன். ஓரத்தில் கிறுக்க வேண்டியிருக்கிறது.

கதை நடப்பது 1922 கோடையில், நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில். அப்போது அமெரிக்கா முழுக்க மதுவிலக்கு, 1920-இல் தொடங்கி 1933 வரை. ஆனால் கேட்ஸ்பி வீட்டு விருந்துகளில் மது ஆறாக ஓடும். இது ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் அவனுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பாதி கண்டுபிடித்த மாதிரி.

ஆட்களையும் பார்த்துவிடலாம். நிக் காரவே, கடன் பத்திர வியாபாரம் கற்றுக்கொள்ள நியூயார்க் வந்தவன், மாதம் 80 டாலர் வாடகையில் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறான். பக்கத்து மாளிகை ஜே கேட்ஸ்பியுடையது. விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் நிக்கின் தூரத்து உறவுக்காரி டெய்சி, அவள் புருஷன் டாம். டாமுக்குத் தலைமுறை தலைமுறையாக வந்த சொத்து. அவனுக்கு ஒரு மெக்கானிக் ஷெட் முதலாளியின் மனைவி மிர்ட்டிலோடு தொடர்பு. ஐந்து வருடத்துக்கு முன்னால் ஏழை ராணுவ அதிகாரியாக இருந்த கேட்ஸ்பியும் டெய்சியும் காதலித்தார்கள். இப்போது பணக்காரனாகத் திரும்பி வந்து அவளை மீட்கப் பார்க்கிறான். கடைசியில் டெய்சி ஓட்டிய கார் மோதி மிர்ட்டில் சாகிறாள். ஓட்டியது கேட்ஸ்பிதான் என்று நம்பிய மிர்ட்டிலின் புருஷன் வில்சன் அவனைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தானும் சுட்டுக்கொண்டு சாகிறான்.

இவ்வளவு போதும். முதல் நாலைந்து பக்கம் கரடுமுரடாக இருக்கும், பலர் அங்கேயே மூடி வைத்துவிடுவார்கள். புரியாவிட்டாலும் தாண்டிப் போங்கள். டாம் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்குப் போய்ச் சேர்ந்ததும் கதை தானாக நகரும்.

படி 2: ஓரத்தில் மூன்று எழுத்து

இதுதான் என் முறையின் உயிர்நாடி. நிக் எதைச் சொன்னாலும் பக்க ஓரத்தில் ஓர் எழுத்து போடுங்கள். அவன் நேரில் கண்டது என்றால் ‘க’. யாரோ சொல்லிக் கேட்டது என்றால் ‘கே’. அவனாக ஊகித்தது என்றால் ‘ஊ’.

முதல் அத்தியாயத்தில் பெரும்பாலும் ‘க’தான் விழும். நாலாவது அத்தியாயத்தில் டெய்சியின் பழைய காதல் கதை வருகிறது. அதைச் சொல்வது ஜோர்டன் பேக்கர் என்ற கோல்ஃப் ஆட்டக்காரி. அவள் ஒரு போட்டியில் பந்தை நகர்த்தி வைத்து ஏமாற்றியதாகப் பேச்சு உண்டு என்று நிக்கே நமக்குச் சொல்லியிருக்கிறான். அப்படிப்பட்டவள் சொன்னதற்குப் பெரிய ‘கே’ போடலாம்.

எட்டாவது அத்தியாயத்துக்கு வரும்போது பென்சிலைக் கூர் சீவிக்கொள்ளுங்கள். கேட்ஸ்பி சாகிற இடம். அந்த ஒரு பக்கத்தை மட்டும் நிதானமாகப் பார்ப்போம்.

மதியம் 2 மணிக்குக் கேட்ஸ்பி நீச்சல் உடை மாட்டிக்கொள்கிறான். யாராவது போன் பண்ணினால் குளத்தடிக்கு வந்து சொல்லும்படி பட்லரிடம் சொல்லிவிட்டுப் போகிறான். காற்றடைத்த மெத்தை ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு குளத்துக்கு நடக்கிறான். பட்லர் மதியத் தூக்கத்தைக்கூட விட்டுவிட்டு 4 மணி வரை போனுக்காகக் காத்திருக்கிறார். போன் வரவில்லை. இது எதையும் நிக் பார்க்கவில்லை, அவன் அப்போது நகரத்தில் ஆபீஸில் இருக்கிறான். எல்லாம் வேலைக்காரர்களிடம் பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்டதாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே ‘கே’.

அடுத்த வரியில் நிக் வேறு வண்டியில் ஏறிவிடுகிறான். போன் வரும் என்று கேட்ஸ்பியே நம்பியிருக்க மாட்டான், ஒருவேளை வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான் என்ற நிலைக்கு வந்திருப்பான் என்று எனக்குத் தோன்றுகிறது, என்கிறான். அப்புறம் ‘அப்படியானால்’ என்று ஒரு கொக்கி போட்டு, ஒரே கனவோடு இத்தனை காலம் வாழ்ந்ததற்குப் பெரிய விலை கொடுத்துவிட்டதாக உணர்ந்திருப்பான், வானம் அந்நியமாகத் தெரிந்திருக்கும், ரோஜாப்பூகூட விகாரமாகத் தெரிந்திருக்கும் என்று அடுக்கிக்கொண்டே போகிறான். அத்தனையும் ‘ஊ’.

இப்போது ‘கே’ வரிகளை மட்டும் சேர்த்துப் படியுங்கள். போன் வந்தால் சொல்லு என்று ஆள் வைத்துவிட்டுப் போன மனிதன் ஒருவன் அதில் இருக்கிறான். நம்பிக்கை போனவன் அப்படிச் சொல்லிவிட்டுப் போவானா? ‘கனவு கலைந்த கேட்ஸ்பி’ என்று நாம் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியது, நிக்கின் தலைக்குள் நடந்தது. கேட்ஸ்பி கடைசி நொடி வரை காதைத் தீட்டிக்கொண்டே மிதந்திருக்கலாம். எனக்கென்னவோ அதுதான் நடந்திருக்கும் என்று படுகிறது. அது இன்னும் கொடுமை.

படி 3: கதைசொல்லியின் ஜாதகத்தைப் பாருங்கள்

நிக் பொய்யன் என்று நான் சொல்லவில்லை. விமர்சகர்கள் ‘நம்பகமற்ற கதைசொல்லி’ என்று ஒரு பட்டம் வைத்திருக்கிறார்கள்; அதை ஆரம்பத்திலேயே அவன் தலையில் கட்டிவிட்டால் வாசிப்பு சோம்பேறியாகிவிடும். அவன் தன்னைப் பற்றிச் சொல்வதை ஒரு பக்கத்திலும், செய்வதை எதிர்ப் பக்கத்திலும் நோட்டில் எழுதி வையுங்கள்.

எடுத்த எடுப்பிலேயே, அப்பா சொன்ன புத்திமதியின்படி யாரையும் எடை போட மாட்டேன் என்கிறான். பக்கம் திரும்புவதற்குள் கிழக்குக் கடற்கரை ஆட்கள் எல்லோரையும் எடை போட்டு ஓரங்கட்டி, கேட்ஸ்பிக்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்துவிடுகிறான்.

மூன்றாவது அத்தியாயத்தின் கடைசி வரியில், தனக்குத் தெரிந்த நேர்மையான சிலரில் தானும் ஒருவன் என்கிறான். அதற்குச் சற்று முன்னால்தான் ஊரில் ஒரு பெண்ணுக்கு வாராவாரம் அன்போடு கடிதம் எழுதிக்கொண்டே இங்கே ஜோர்டனோடு நெருங்குவதைச் சொல்லியிருப்பான்.

நாலாவது அத்தியாயத்தில் காரில் போகும்போது, மத்திய மேற்குப் பகுதியின் பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை நான், எல்லோரும் செத்துப்போய்விட்டார்கள் என்கிறான் கேட்ஸ்பி. அங்கே எந்த ஊர் என்று நிக் கேட்கிறான். சான் ஃபிரான்சிஸ்கோ என்று பதில் வருகிறது. அது பசிபிக் கடலோரம் இருக்கிற ஊர்! நிக்குக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாகிவிடுகிறது. ஆனால் கேட்ஸ்பி ஒரு மெடலையும் ஆக்ஸ்ஃபோர்டு போட்டோ ஒன்றையும் எடுத்து நீட்டியதும், அடடா எல்லாமே நிஜம்தான் என்று கவிழ்ந்துவிடுகிறான். கேட்கிறவன் கேனயன் என்றால் கேப்பையில் நெய் வடிகிறது என்பானாம். ‘செத்துப்போன’ அப்பா ஒன்பதாவது அத்தியாயத்தில் நேரில் வந்து நிற்பார், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. காரை ஓட்டியது டெய்சி என்று நிக்குக்கு அன்று இரவே தெரியும். அவன் அதை யாரிடமும் சொன்னதாக நாவலில் இல்லை. டாம் நேருக்கு நேர் நின்று கேட்ஸ்பியைக் குற்றம் சொல்லும்போதும் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்கு எந்த எழுத்து போடுவது என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

படி 4: ஆள் பாதி, ஆடை பாதி

பாத்திரங்களைப் புரிந்துகொள்ள ‘குணநலன்கள்’ என்று பட்டியல் போட வேண்டாம். யார் என்ன போட்டிருக்கிறார்கள், அது யாருடையது என்று மட்டும் பாருங்கள்.

இரண்டாவது அத்தியாயத்தில் மிர்ட்டில் தன் கல்யாணக் கதையைச் சொல்கிறாள். வில்சனைக் கனவான் என்று நினைத்துக் கட்டிக்கொண்டாளாம். கல்யாணத்துக்கு அவன் போட்டிருந்தது இரவல் கோட்டு. ஒரு நாள் அவன் வெளியே போயிருந்தபோது கோட்டுக்குச் சொந்தக்காரன் கேட்டு வந்து நின்றிருக்கிறான். எடுத்துக் கொடுத்துவிட்டு மத்தியானம் முழுக்கப் படுத்து அழுதாளாம்.

இதை மடித்து வைத்துக்கொண்டு ஐந்தாவது அத்தியாயத்துக்கு வாருங்கள். கேட்ஸ்பி அலமாரியைத் திறந்து, இங்கிலாந்திலிருந்து ஓர் ஆள் பருவத்துக்குப் பருவம் வாங்கி அனுப்பும் சட்டைகளை ஒவ்வொன்றாக மேஜையில் எறிகிறான். டெய்சி அந்தக் குவியலில் முகத்தைப் புதைத்து அழுகிறாள், இவ்வளவு அழகான சட்டைகளைப் பார்த்ததே இல்லை என்று. ஒருத்தி இரவல் கோட்டுக்காக அழுதாள், இன்னொருத்தி சொந்தச் சட்டைகளுக்காக அழுகிறாள். இவளுக்குக் கல்யாணப் பரிசாக டாம் கொடுத்த முத்துமாலையின் விலை 350,000 டாலர்.

கேட்ஸ்பி முதலில் டெய்சி வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு மாதிரி இரவல் உடையில்தான். ராணுவ யூனிஃபார்மில் பணக்காரனும் ஏழையும் ஒரே மாதிரி தெரிவார்கள். போர் முடிந்து வந்தபோதும் வேறு துணி வாங்கக் காசில்லாமல் அதையே போட்டுக்கொண்டு திரிந்தான் என்று, அவனைத் தூக்கிவிட்ட சூதாட்டக்காரர் உல்ஃப்ஷைம் பிற்பாடு சொல்கிறார். ஆக, வில்சனும் கேட்ஸ்பியும் செய்தது ஒரே காரியம். ஒருவனுடையது சீக்கிரம் வெளுத்துவிட்டது.

டாமுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. கேட்ஸ்பி ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவன் என்று யாரோ சொன்னதும் அவன் உடனே மறுக்கிறான். அதற்கு அவன் காட்டும் ஆதாரம் கேட்ஸ்பி பிங்க் நிற சூட் போடுகிறான் என்பதுதான்! பரம்பரைப் பணம் புதுப் பணத்தைத் துணியை வைத்தே மோப்பம் பிடித்துவிடுகிறது.

படி 5: ‘அமெரிக்கக் கனவு’க்கு இப்போது வரலாம்

வேண்டுமென்றேதான் இதைக் கடைசியில் வைத்தேன். ‘அமெரிக்கக் கனவு’ என்ற தொடர் நாவலில் எங்குமே இல்லை. அதை ஊர் முழுக்கப் பரப்பியவர் ஜேம்ஸ் ட்ரஸ்லோ ஆடம்ஸ் என்ற வரலாற்றாசிரியர், அதுவும் 1931-இல். நாவல் வந்து ஆறு வருடம் கழித்து. ஆகவே அந்தச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு தேடாமல், புத்தகத்தில் இருக்கிற ஒரு காகிதத்தைப் பாருங்கள்.

ஒன்பதாவது அத்தியாயத்தில் கேட்ஸ்பியின் அப்பா ஒரு பழைய கௌபாய் கதைப் புத்தகத்தைக் காட்டுகிறார். அதன் கடைசித் தாளில் மகன் சிறுவயதில் எழுதிய கால அட்டவணை, தேதி 1906 செப்டம்பர் 12. காலை 6 மணிக்கு எழுவது, உடற்பயிற்சி, மின்சாரம் பற்றிப் படிப்பு, வேலை, பேச்சுப் பயிற்சி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளியல். வாரம் 5 டாலர் சேமிப்பு என்று எழுதி, அடித்து, 3 என்று திருத்தியிருக்கிறான். பெஞ்சமின் பிராங்க்ளின் தன் சுயசரிதையில் இதே போல நாள் அட்டவணை போட்டு வைத்திருப்பார். உழைத்தால் உயரலாம் என்ற அமெரிக்க நம்பிக்கைக்கு அது ஒரு மூலப் பிரதி. பையன் அதை நம்பியிருக்கிறான்.

அந்த 5-ஐ அடித்து 3 ஆக்கிய கோட்டை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குச் சலிக்கவில்லை. தன் வருமானம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்த பையன் அவன். அட்டவணையிலிருந்து மாளிகைக்கு நேர்வழி இல்லை. நடுவில் டான் கோடி என்ற கோடீஸ்வரர் எழுதி வைத்த 25,000 டாலர், சட்டச் சிக்கலில் கைக்கு வராமலே போய்விட்டது. அப்புறம் வந்தது உல்ஃப்ஷைமும் மருந்துக்கடை மறைவில் சாராய விற்பனையும். வாரம் 3 டாலர் சேர்த்து யாரும் அந்த மாளிகையை வாங்கியிருக்க முடியாது. அப்பாவுக்கு அது தெரியாது. மகன் உருப்பட்டதற்கு அத்தாட்சி போல அந்தத் தாளைச் சத்தமாகப் படித்துக் காட்டுகிறார்.

பச்சை விளக்கு? அதற்கும் ஓர் எழுத்து போடுங்கள், அவ்வளவுதான். டெய்சி வீட்டுப் படகுத்துறையில் விளக்கு எரிவது ‘க’. கடைசிப் பக்கத்தில் அது டச்சு மாலுமிகள் முதலில் கண்ட பசுமையான புது உலகமாகவும், நம் எல்லோருடைய ஏக்கமாகவும் பெருகுவது ‘ஊ’. ஒரு தனி ஆளின் கதையை ஒரு தேசத்தின் கதையாக ஊதிப் பெரிதாக்கியது நிக். அழகாகத்தான் ஊதியிருக்கிறான், அதில் எனக்கு மறுப்பில்லை.

படி 6: ஒரு பயிற்சி

படித்து முடித்த அன்றே கட்டுரை எழுத உட்காராதீர்கள். ஒரே ஒரு பக்கம், அந்த பட்லரின் குரலில் தன்மையில் எழுதிப் பாருங்கள். மணி 2-லிருந்து 4 வரை. ஐயா போன் வந்தால் சொல்லச் சொல்லியிருக்கிறார். நிக்குக்குத் தெரிந்த எதுவும் உங்களுக்குத் தெரியாது. டெய்சி யாரென்றுகூட அரைகுறையாகத்தான் தெரியும். ‘ஊ’ போடும்படி ஒரு வரிகூட வரக் கூடாது. போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள்.