ராபின் ஹுட்ஸ் பே: கடலின் நேரம் பார்த்து நடக்க ஒரு வழிகாட்டி

இங்கிலாந்தின் வட யார்க்‌ஷையர் கடலோரத்தில், விட்பி துறைமுக நகருக்குத் தெற்கே சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில், செங்குத்தான சரிவு ஒன்றில் வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும் சிற்றூர் ராபின் ஹுட்ஸ் பே. ஊர்க்காரர்கள் சுருக்கமாக ‘பே’ என்பார்கள். வில்வீரன் ராபின் ஹுட் இங்கே வந்ததற்குச் சான்று எதுவும் இல்லை. ஆனால் 16ஆம் நூற்றாண்டில் இவ்வழியே வந்த ஆங்கிலப் பயணக் குறிப்பாளர் ஜான் லீலண்ட், இருபது படகுகள் உள்ள மீனவச் சிற்றூர் என்று இதே பெயரால் இதைக் குறித்து வைத்திருக்கிறார். இங்கு வருகிறவர்களில் பலர் சரிவில் இறங்கி, தேநீர் குடித்து, சில படங்களை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அது எனக்கு மனக்குறைதான். இவ்வூர் வரலாற்றின் பெரும்பகுதி கடற்பாறைகளிலும் ஓங்கல்கள் எனப்படும் செங்குத்துக் கடலோரப் பாறைகளின் விளிம்பிலும் கிடப்பதால், நடந்தால் மட்டுமே அது கைக்கு எட்டும். எப்போது நடக்கலாம் என்பதைக் கடல் தீர்மானிக்கிறது.

ஆகவே புறப்படுவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை, கடல்நீர் ஏறி இறங்கும் நேரங்களைக் காட்டும் விட்பிக்கான ஓத அட்டவணையைப் பார்ப்பது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ ஆறேகால் மணி நேரம் இருக்கும். வற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு கரையில் இறங்கி, நீர் திரும்பத் தொடங்கியதும் கரையேறிவிடுவது பாதுகாப்பான வழக்கம். ஏற்றத்தின்போது அலை ஓங்கலின் அடிவரை வந்துவிடும். இடையில் சிக்கியவர்களுக்கு மேலேற வழி இருக்காது. சில அட்டவணைகள் ஆண்டு முழுவதும் கிரீனிச் நேரத்திலேயே அச்சாகியிருக்கும் என்பதால், கோடைக்கால நேரம் நடப்பில் உள்ள மாதங்களில் அவற்றோடு ஒரு மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். வெளியூர் வண்டிகளுக்குப் பழைய ஊருக்குள் அனுமதி இல்லை. மேட்டிலுள்ள நிறுத்தத்தில் வண்டியை விட்டோ, விட்பிக்கும் ஸ்கார்பரோவுக்கும் இடையே ஓடும் பேருந்தில் வந்தோ நடந்துதான் இறங்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் திரும்ப மேடேறுவதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

நீர் வற்றியதும் விரிகுடாவில் தெரியும் காட்சிக்காகவே இங்கு வரலாம். கரும்பாறை வரம்புகள் ஒன்றுக்குள் ஒன்றாக வில்போல வளைந்து கடலுக்குள் நீளும். கவிழ்த்த கிண்ணம் போல மேல்நோக்கி வளைந்திருந்த பாறை அடுக்குகளின் உச்சியை அலை அரித்துத் தட்டையாக்கியதால் உண்டான வளைவுகள் அவை. அந்தக் களிப்பாறைகளுக்கு வயது ஏறத்தாழ 19 கோடி ஆண்டுகள். வரம்புகளுக்கு இடையே கிடக்கும் கூழாங்கற்களைப் பொறுமையாகப் புரட்டினால், பழங்காலக் கடலுயிர்களின் புதைபடிவங்களான சுருள் வடிவ அம்மோனைட்டுகளும், தோட்டா போன்ற பெலம்னைட்டுகளும், ‘சாத்தானின் கால்நகம்’ என்று மக்கள் அழைக்கும் தடித்த சிப்பிகளும் அகப்படும். உதிரியாகக் கிடப்பதை மட்டும் எடுங்கள். ஓங்கலைச் சுத்தியலால் தட்டக் கூடாது, அதன் அடியில் உட்காரவும் கூடாது. முன்னறிவிப்பின்றிச் சரியும் பாறை அது. பாசி படிந்த கல் வழுக்கும் என்பதால் நல்ல பிடிப்புள்ள காலணி அவசியம்.

கரையேறியதும் ஊர்ச் சந்துகளுக்குள் நுழையுங்கள். இங்கே நேர்த்தெரு என்று எதுவும் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் தேயிலைக்கும் சாராயத்துக்கும் பட்டுக்கும் கடும் வரி இருந்தபோது, இவ்வூர் கள்ளக்கடத்தலுக்குப் பெயர்பெற்றிருந்தது. கரையில் இறக்கிய பட்டுப் பொதி, வெயிலைக் காணாமலேயே வீடு விட்டு வீடு மாறி மேட்டை அடைந்துவிடும் என்று இன்றும் சொல்வார்கள். கடலும் சும்மா இருக்கவில்லை. 1780இல் ஓங்கல் சரிந்து, ஊருக்குள் வரும் பழைய சாலையையும் வீடுகளையும் இழுத்துச் சென்றது. 1975இல் எழுப்பிய, சுமார் 12 மீட்டர் உயரச் சுவர்தான் இப்போது ஊரைத் தாங்குகிறது. கடலோரத்தில் உள்ள பே ஹோட்டலின் அருகே, சேறு படிந்த காலணியோடு நேரே நீரை நோக்கிப் போகிறவர்களைக் கண்டால் வியக்க வேண்டாம். 1973இல் நடைவழி நூலாசிரியர் ஆல்பிரட் வெயின்ரைட் வகுத்த, மேற்குக் கரையின் செயின்ட் பீஸில் தொடங்கும் சுமார் 300 கிலோமீட்டர் நடைவழி இங்கே முடிகிறது. அங்கிருந்து எடுத்துவந்த கூழாங்கல்லை இந்தக் கடலில் போடுவது அவர்கள் மரபு.

மேட்டில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. அதைத் தவறாமல் நின்று படியுங்கள். 1881 ஜனவரி 18 அன்று ‘விசிட்டர்’ என்ற பாய்மரக் கப்பல் இவ்விரிகுடாவில் சிக்கிக்கொண்டது. புயலின் நடுவே விட்பியின் உயிர்காப்புப் படகைத் தரைவழியாகவே இழுத்து வந்தார்கள். ஏழடி ஆழப் பனிக் குவியல்களை 200 பேர் முன்னே சென்று வெட்டி விலக்க, 18 குதிரைகள் படகை இழுக்க, இவ்வூர் ஆண்கள் எதிர்ப்புறமிருந்து வழி திறந்துகொண்டே வந்தார்கள். இரண்டு மணி நேரத்தில் படகு கடலில் இறங்கியது. இரண்டாம் முயற்சியில் மாலுமிகள் காப்பாற்றப்பட்டார்கள். அதே ஏற்றத்தில் வெறுங்கையோடு மூச்சு வாங்கி நின்று படிக்கும்போதுதான் அந்த உழைப்பின் பாரம் புரிகிறது.

முழுநாள் இருந்தால் ரேவன்ஸ்கார் என்ற ஊருக்கு நடந்து திரும்புங்கள். சுற்று சுமார் 14 கிலோமீட்டர். கிளீவ்லாண்ட் வே என்னும் ஓங்கல் பாதையில் தெற்கே போனால், பழைய ஆலையொன்று விடுதியாக மாறி நிற்கும் பாகிள் ஹோல் வரும். அதைத் தாண்டி ஸ்டூப் பெக் ஓடையில் இறங்கி ஏற வேண்டும். ரேவன்ஸ்காருக்குச் சற்று முன்னால், கடலைப் பார்த்தபடி, 17ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கி 1862 வரை இயங்கிய பீக் படிகார ஆலையின் கற்சுவர்கள் எஞ்சியிருக்கின்றன. நம்மூர் முடிதிருத்தகங்களில் கண்ட அதே படிகாரம்தான். அன்று துணியில் சாயம் நிலைப்பதற்கு அது தேவைப்பட்டது. களிப்பாறையைக் குன்றாகக் குவித்து மாதக்கணக்கில் எரித்து, சாம்பலை நீரில் ஊறவைத்து, அந்த நீரைக் காய்ச்சி, கடற்பாசிச் சாம்பலோ புளித்த சிறுநீரோ சேர்த்துப் படிகமாக்கினார்கள். சிறுநீர் லண்டனிலிருந்துகூடக் கப்பலில் வந்தது. கரைசல் பதமாகிவிட்டதா என்பதை, கோழிமுட்டை மிதக்கிறதா என்று பார்த்து அறிந்தார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி.

திரும்பும்போது ‘சிண்டர் டிராக்’ பாதையைப் பிடியுங்கள். 1885இல் திறந்து 1965இல் மூடிய ஸ்கார்பரோ–விட்பி ரயில்பாதை அது. தண்டவாளத்துக்கு அடியில் சல்லிக்குப் பதிலாக உலைக்கரியின் சிட்டம் பரப்பியிருந்ததால் இந்தப் பெயர் வந்தது. களைத்த காலுக்கு இதமான சாய்வு, விரிகுடா முழுவதும் கண்ணுக்குக் கீழே. டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும் என்பதால் குளிர்காலத்தில் காலையிலேயே கிளம்புங்கள். கால்களில் வலு மிச்சமிருந்தால், மேட்டிலுள்ள பழைய செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்தையும் பாருங்கள். 1820களில் கட்டிய அக்கோயிலில், மணமாகாமல் இறந்த பெண்களின் நினைவாகக் காகிதத்தாலும் நாடாவாலும் கட்டிய மாலைகள் காக்கப்படுகின்றன.

விழாக்களை ஒட்டி வர விரும்பினால் ஜூனில் நாட்டுப்புற இசை வாரஇறுதியும், டிசம்பர் தொடக்கத்தில் விக்டோரியா கால உடையணிந்து கொண்டாடும் வாரஇறுதியும் நடக்கின்றன. அந்நாட்களில் அறைகள் சீக்கிரம் நிரம்பிவிடும். என்னைக் கேட்டால், விட்பி துறைமுகத்தில் நடக்கும் ‘பென்னி ஹெட்ஜ்’ சடங்கையே முதலில் சொல்வேன். காட்டுப்பன்றியைத் துரத்திவந்த பிரபுக்கள், அதற்குப் புகலிடம் கொடுத்த துறவியை 1159இல் அடித்தார்கள் என்றும், அவர் இறக்குமுன் அவர்களை மன்னித்து இப்பரிகாரத்தை விதித்தார் என்றும் கதை சொல்கிறது. சேற்றில் குச்சிகளை ஊன்றி, இடையே மரக்கிளைகளைப் பின்னி வேலி கட்டுவார்கள். அது மூன்று ஓதங்களைத் தாங்கி நிற்க வேண்டும். முடிந்ததும் கொம்பு ஊதப்படும். இயேசு விண்ணேற்ற நாளுக்கு முந்தைய புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு இது நடக்கும். ஈஸ்டரை ஒட்டித் தேதி ஆண்டுதோறும் மாறுவதால் முன்கூட்டியே பார்த்துக்கொண்டு, ராபின் ஹுட்ஸ் பேயிலிருந்து காலையின் முதல் பேருந்துகளில் ஒன்றைப் பிடித்துவிடுங்கள்.